பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

“செத்துப் போயிடலாம்ங்கிற நெனப்பு மறுபடியும் வந்தா, மொதல்ல யார்கிட்ட சொல்வீங்க இன்பராஜ்?”

ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல்தான் அந்த வேலூர் டாக்டரம்மா கேட்டார். குரலைத் தாழ்த்தவில்லை, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளவில்லை. அது இன்பராஜுக்குப் பிடித்திருந்தது.

“எங்க அக்காகிட்ட.”

“வேற யாராச்சும்?”

யோசித்துப் பார்த்தான். ஒரு முகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, “இல்ல டாக்டர். அக்கா மட்டுந்தான்” என்றான்.

“ஒருத்தர் இருந்தாலே பெரிய விஷயம். நேரங்காலம் பாக்காதீங்க. வேலையில இருந்தாலும் கூப்பிடுங்க, தூங்கிட்டு இருந்தாலும் எழுப்புங்க. அந்த நெனப்போட மட்டும் தனியா இருக்காதீங்க.”

பக்கத்து நாற்காலியில் ஹெலன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். “உங்க தம்பி ஆம்பளைங்கள விரும்பறது நோய் இல்லம்மா. அதுக்கு நான் மருந்து குடுக்கல. சாப்பிடாம, தூங்காம, உயிரே வேணாம்னு இருக்காரே, அதுதான் நோய். மாத்திர அதுக்குத்தான்.”

“புரியுதுங்க டாக்டர்” என்றாள் ஹெலன். பாதி புரிந்திருந்தது. புரியாத மீதியைப் பாசத்தால் மூடிக்கொண்டாள்.

தம்பியைவிட அவள் பத்து வயது மூத்தவள். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது இன்பராஜ் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். அந்த வருஷமே ஹெலன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். வந்த வரன்களிடமெல்லாம், “தம்பி ஒரு வேலைக்குப் போவட்டும், கொஞ்ச நாள் போவட்டும்” என்று தள்ளிப் போட்டாள். தம்பி டிப்ளமோ முடித்து அதே கம்பெனியில் செக்கராகச் சேர்ந்தபோது, வரன்கள் வருவது நின்றுபோயிருந்தது. அதற்காக அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தினமும் விடியலில் பள்ளிகொண்டாவிலிருந்து இருவரும் ஒரே கம்பெனி வேனில் போனார்கள், ஒரே வேனில் திரும்பினார்கள்.

கம்பெனி ஸ்டோரில் வேலை செய்த பரணிதரனுக்குச் சொந்த ஊர் கலவை. ஆம்பூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவனும் இன்பராஜும் நண்பர்கள் என்றுதான் ஊர் நினைத்தது. தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகையை அவனே கொண்டுவந்து கொடுத்தான். “கண்டிப்பா வந்துடு இன்பா. நீ வரலன்னா எல்லாரும் கேப்பாங்க” என்றான். இன்பராஜ் போனான். மேடையேறிக் கை குலுக்கினான், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். வீடு திரும்பிய பிறகு அவனால் எதையும் விழுங்க முடியவில்லை.

அவனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வேலைக்குக் கிளம்பிய ஹெலன் அடையாள அட்டையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்த அன்று, உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டித் தட்டிக் கை வீங்கிய பிறகுதான் அவன் திறந்தான். உள்ளே கண்டதை அவள் யாரிடமும் விவரித்ததில்லை. அன்று அவன் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்துவிட்டு நெடுநேரம் அழுதாள். பிறகு எழுந்து போய், ரசத்தைச் சோற்றில் கரைத்து எடுத்துவந்து ஊட்டினாள்.

“எதுவா இருந்தாலும் நீ என் புள்ளடா. வாயத் திற.”

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததா, ஒருவரிடம் சொல்லிவிட்ட நிம்மதியா, தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் தூங்கினான். வேனில் ஜன்னலோர இருக்கைக்கு அக்காவோடு சண்டை போட்டான். ஒருநாள் சாப்பிடும்போது, “இன்னாக்கா, கொழம்புல உப்பு கம்மி” என்றான். உப்பு ஜாடியை எடுக்கச் சமையலறைக்குப் போன ஹெலன் அங்கேயே நின்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உப்பில் குறை சொல்கிறவனுக்கு நாக்கு திரும்பிவிட்டது. நாக்கு திரும்பினால் தம்பியும் திரும்பிவிடுவான்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் சபைப் பெண்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிப்பது வழக்கம். அந்த வாரம் அவர்கள் வீட்டு முறை. ஹெலன் பாய் விரித்து, கொண்டைக்கடலை சுண்டல் தாளித்து வைத்திருந்தாள். டீ போடுகிற வேலையை இன்பராஜ் ஏற்றுக்கொண்டான். முன்னறையில் பாட்டு முடிந்தது. ஜெயம்மாள் ஆன்ட்டி ஜெபக்குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி; பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துப் பழகிய கணீர்க் குரல். ஒருவர் மகனுக்கு விசா, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவர் மகளுக்குக் குழந்தை பாக்கியம். இன்பராஜ் பாலில் இஞ்சியைத் தட்டிப் போட்டான்.

“அடுத்தது, பேர் சொல்லாத ஒரு ஜெபக்குறிப்பு” என்றார் ஜெயம்மாள். “நம்ம சபையில ஒரு வாலிபத் தம்பி. ஷூ கம்பெனில வேல. ஒரு ஆம்பளப் புள்ள மேலயே மனசு போயிடுச்சு. அந்தப் பையன் கல்யாணம் கட்டினு போய்ட்டதால இந்தத் தம்பி உயிர விடற அளவுக்குப் போய்ட்டான். தாய் இல்லாத புள்ள. அக்காதான் தன் வாழ்க்கைய விட்டு வளக்குது. அந்தக் கட்டு அறுந்து, அவனுக்கு ஒரு குடும்பம் அமையணும்னு பாரத்தோட ஜெபிப்போம்.”

பெயர் ஒன்றைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

பிறகு பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபித்தார்கள். அவன் யாரிடமும் சொல்லக் கூசியது ஆளுக்கொரு குரலில் வீடெங்கும் கேட்டது. “இரங்கும் ஆண்டவரே... அந்த அசுத்தத்த எடுத்துப்போடும்... அந்த அக்காவோட கண்ணீரப் பாரும்...” எல்லாக் குரல்களுக்கும் மேலே ஒரு குரல் உடைந்து அழுதது. அது அவன் அக்காவின் குரல். பால் பொங்கி அடுப்பை அணைத்ததை அவன் வாசனை வந்த பிறகுதான் கவனித்தான்.

ஜெபம் முடிந்தால் டீ கொடுக்க வேண்டும். கொடுத்தான். தட்டை நீட்டியபோது ஒவ்வொருவரும் டம்ளரை எடுத்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெயம்மாள் மட்டும் எழுந்து அவன் தலையில் கை வைத்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

“கர்த்தர் பாத்துக்குவாரு தம்பி. தைரியமா இரு.”

அங்கே ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யாராவது ஒருவர் சிரித்திருந்தால்கூட, கோபப்பட அவனுக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும்.

கடைசி ஆள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்வரை அவன் பொறுத்திருந்தான்.

“சொல்லிட்டியாக்கா?”

ஹெலன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “பேர சொல்லலடா இன்பா. சத்தியமா பேர சொல்லல.”

“அக்காதான் வளக்குதுன்னு சொன்னல்ல? ஷூ கம்பெனின்னு சொன்னல்ல? அப்புறம் பேரு எதுக்குக்கா?”

“விஷயம் தெரியாம எப்டிடா பாரத்தோட ஜெபிப்பாங்க?”

“நான் உன்கிட்டதான சொன்னேன்? இந்த ஊர்ல உன் ஒருத்திகிட்டதான சொன்னேன்?”

பாய் அவள் கையிலிருந்து நழுவி மறுபடியும் விரிந்துகொண்டது. “தெனமும் நீ தூங்கின அப்புறம் மூக்குல கை வச்சி மூச்சு வருதான்னு பாக்கறேன்டா. மிஷின்ல உக்காந்தா கை நடுங்குது. எந்த நேரத்துல யாரு வந்து இன்னா சொல்வாங்களோன்னு ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைக்கிறேன். அந்த டாக்டரம்மா உன்ன கேட்டாங்க, யார்கிட்ட சொல்வேன்னு. என்ன யாராவது கேட்டாங்களா? நான் யார்கிட்டடா சொல்றது?”

அவன் பாயின் மறுமுனையைப் பிடித்து அவளோடு சேர்ந்து சுருட்டினான்.

அந்தப் பெண்களில் சிலர் அவர்களுடைய வேனிலேயே வருகிறவர்கள். அடுத்த வாரம் வேனில் யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. அவன் ஏறினால் பேச்சு நின்றது. பாதி வழியில் மாதனூர் தாண்டிய பிறகுதான் மறுபடி மெதுவாகத் தொடங்கியது. வேனிலிருந்து தையல் பிரிவுக்கும், தையலிலிருந்து பேக்கிங்குக்கும் விஷயம் நடந்து போனது. போகப் போக, ஜெபத்திலிருந்த இரக்கம் உதிர்ந்து, விஷயம் மட்டும் மிஞ்சியது.

மதிய இடைவேளையில், கூட வேலை செய்யும் சுஹேல் அகமதுவும் அவனும் கேட்டுக்கு வெளியே ஒன்றாக டீ குடிப்பது பல வருஷத்துப் பழக்கம். அன்று சுஹேல் டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரைத் தொடாமல் நின்றான்.

“தோஸ்த், தப்பா எடுத்துக்காத. நீ எப்டி இருந்தா எனக்கின்னா? நான் கேக்க மாட்டேன். ஆனா வீட்ல எனக்குப் பொண்ணு பாக்கறாங்க. உன்கூட நின்னா என் பேரும் அடிபடுது. ஒரே பேஜாரா இருக்குது. கொஞ்ச நாளைக்கு நீ தனியா குடிச்சிக்கிறியா?”

“சரி சுஹேல்.”

“கோவமா?”

“இல்லடா. டீ ஆறுது, குடிச்சிட்டுப் போ.”

சுஹேல் குடிக்காமலே போனான்.

செக்கிங் மேஜையில் இன்பராஜின் வேலை, ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது. தையல் விலகியிருந்தாலோ, தோலில் தழும்பு தெரிந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே வைக்க வேண்டும். அம்பு ஒட்டிய ஷூ பெட்டிக்குள் போகாது. ஒருநாள் காலையிலிருந்து பேக்கிங் பையன்கள் அவன் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். கேட்க வேண்டியவன் காதுக்கு மட்டும் கேட்கிற சிரிப்பு. அவன் குனிந்து வேலையைப் பார்த்தான்.

சாயங்காலம் வேனில் ஏறி உட்காரப்போனபோது, பின்னால் வந்த ஹெலன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாடா இது, முதுகுல அம்ப ஒட்டினு வந்திருக்க? வேலையில கவனமே இல்ல உனுக்கு.”

சிரித்துக்கொண்டே அதைப் பிய்த்தாள். பின்னிருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹெலன் திரும்பிப் பார்த்தாள். விரல் நுனியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. அதைச் சின்ன உருண்டையாக உருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். பள்ளிகொண்டா வரும்வரை கையை விரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து அவள் புதன்கிழமைகளில் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். தன்னால் வந்ததைத் தீர்க்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இன்னும் அதிகமாக ஜெபிப்பது.

புது எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. “ஹலோ” என்ற ஒரே சொல்லில் குரலை அடையாளம் கண்டுகொண்டான். கல்யாணத்தோடு வேலையை விட்டுக் கலவைக்கே போய்விட்ட பரணி, அதன் பிறகு பேசுவது அதுதான் முதல் முறை.

“இன்பா, ஆம்பூர்ல ஏதோ பேசிக்கிறாங்களாமே. என் பேரு எங்கியாவது வந்துச்சா?”

“வரல.”

“கலவைன்னு?”

“வரல பரணி.”

“நல்லா யோசிச்சிச் சொல்லு. அவ முழுகாம இருக்கா. இப்போ ஏதாவது காதுல விழுந்துச்சுன்னா...”

“சந்தோஷம். உன் பேரு யார் வாயிலயும் வரல. வராது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. எத்தனையோ முறை அந்த மூச்சை அவன் கழுத்தருகே உணர்ந்திருக்கிறான். “நீ... நல்லா இருக்கியா இன்பா?” என்று கடைசியில் பரணி கேட்டான். பதில் சொல்ல இன்பராஜ் வாயெடுப்பதற்குள் தூரத்தில் ஒரு பெண்குரல், “யாருங்க?” என்றது.

“பழைய கம்பெனியிலேருந்து. ஸ்டோர்ல ஏதோ சந்தேகமாம்” என்றான் பரணி. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுநாள் பட்டப்பகலில், மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, கையில் ஒரு பழுப்பு நிற ஷூவோடு நின்றுகொண்டிருக்கும்போது அந்த நினைப்பு திரும்பி வந்தது. பயமுறுத்தவில்லை. பழகிய ஆள் வந்து பக்கத்தில் உட்காருவதுபோல் சத்தமில்லாமல் வந்தது. ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போய்ப் போனை எடுத்தான். டாக்டரம்மா சொன்னது அப்படியே நினைவிருந்தது. நேரங்காலம் பாக்காதீங்க. ‘அக்கா’ என்ற பெயரைத் திறந்து, விரலை அதன்மேல் கொண்டுபோனான். அவள் இரண்டு கட்டடம் தள்ளித்தான் இருந்தாள். கூப்பிட்டால் பாதித் தையலில் எழுந்து ஓடி வருவாள். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அதன் பிறகு? அவளால் தாங்க முடியாது. தாங்க முடியாததை அவள் கொண்டுபோய் இறக்கிவைக்கிற இடம் அவனுக்குத் தெரியும். “அடுத்தது, பேர் சொல்லாத ஒரு ஜெபக்குறிப்பு” என்ற கணீர்க் குரல் காதில் கேட்டது. வெள்ளிக்கிழமை பாயில், சுண்டல் தட்டுகளுக்கு நடுவே, இந்த நினைப்பையும் விரித்து வைப்பார்கள்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு முகத்தைக் கழுவினான். நினைப்பு போகவில்லை. அவனோடு கூடவே மேஜைக்குத் திரும்பி வந்தது.

அன்று மாலை அவன் ஒரு முடிவுக்கு வந்தான். ஜெபம் நிற்க வேண்டுமென்றால், ஜெபம் பலித்தாக வேண்டும்.

“அக்கா, எனக்கு விடுதலை கிடைச்சிடுச்சுன்னு நெனக்கிறேன்” என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. “அந்த எண்ணமெல்லாம் இப்போ இல்ல.”

ஹெலன் கரண்டியோடு அப்படியே நின்றாள். “நெஜமாவா?”

“நெஜமாத்தான்.”

அவள் தரையில் முழங்காலிட்டு விசும்பி விசும்பி அழுதாள். அம்மா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை. அவன் உண்மை சொன்ன நாளிலும் அழுதாள், பொய் சொன்ன நாளிலும் அழுதாள். இன்றைக்குத்தான் அவள் முகம் ஒளியாக இருந்தது. அந்த ஒளியை இனித் தன்னால் திருப்பிக் கேட்க முடியாது என்று அவனுக்குப் புரிந்தது.

நன்மை பெற்றவர்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது முறை. அதை அவன் மறந்தேபோயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஹெலன் புது வெள்ளைச் சட்டை எடுத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு எழுந்து போய் மைக்கைப் பிடித்தான்.

“மன வேதனையில இருந்தேன். ஆண்டவர் மாத்தினாரு. எனக்காக ஜெபிச்ச எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.”

அவ்வளவுதான் சொன்னான். அதற்கே சபை “ஸ்தோத்திரம்” என்று அதிர்ந்தது. வெளியே வந்ததும் ஜெயம்மாள் இரண்டு கைகளாலும் அவன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். ஹெலனிடம், “நெமிலியில ஒரு டீச்சர் பொண்ணு இருக்குது. அமைதியான புள்ள. நான் பேசட்டுமா?” என்றார்.

மத்தியானமே போட்டோ வந்துவிட்டது. போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஹெலன் பார்த்தாள். “பொறுமையான முகம்டா. பாரேன்.”

பார்த்தான். அந்தப் பெண் போட்டோ எடுப்பவரை நம்பிச் சிரித்திருந்தாள். இவள் என்ன பாவம் செய்தாள் என்றுதான் தோன்றியது.

“கொஞ்ச நாள் போவட்டும்க்கா.”

“விடுதலை கிடைச்சவனுக்கு இன்னாடா தயக்கம்?”

அவன் போட்டோவை இன்னொரு முறை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டுவரத்தான் அடுத்த முறை வேலூருக்குப் போனார்கள். “தம்பி நல்லா ஆயிட்டான் டாக்டர்” என்று ஹெலன் உள்ளே நுழையும்போதே சொன்னாள். டாக்டரம்மா இன்பராஜின் இளைத்த மணிக்கட்டைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். பிறகு, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார்.

கதவு சாத்திக்கொண்டது.

“அந்த நெனப்பு வருதா இன்பராஜ்?”

“இல்ல டாக்டர்.”

“அக்கா வெளியதான் இருக்காங்க. இங்க பேசறது இந்த ரூமத் தாண்டாது. வருதா?”

டாக்டரம்மாவின் முகம் கனிவாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய்கூடத் திறந்தது. ஆனால் அந்தக் கனிவுதான் அவனைப் பயமுறுத்தியது. ரசம் சோறு ஊட்டிய அன்று அக்காவின் முகமும் இதே போலத்தான் இருந்தது.

“வர்றதில்ல டாக்டர்.”

“வந்தா யார்கிட்ட சொல்வீங்க?”

“அக்காகிட்ட.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டான். தினமும் வேனிலும் வேலையிலும் பழகிய முகம். “ரெண்டு வாரத்துல மறுபடியும் வாங்க. கண்டிப்பா வரணும்” என்றார் அவர். தலையாட்டிவிட்டு எழுந்தான்.

வெளியே மரத்தடியில் ஹெலன் கீறிய கொய்யாக்காய் வாங்கி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவிக் காகிதத்தில் வைத்திருந்தாள்.

“இன்னாடா கேட்டாங்க தனியா?”

“கஷ்டம் வந்தா யார்கிட்ட சொல்வேன்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“உன் பேரதான் சொன்னேன்.”

அவள் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் செய்ததுபோல ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் வைத்தாள். அவன் மென்றான்.

“உப்பு கம்மியா இருக்குதா?”

வாயில் எந்த ருசியும் தெரியவில்லை. ஏதோ மெல்லுகிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

“இல்லக்கா” என்றான் இன்பராஜ். “சரியா இருக்குது.”